முதல் வீடு, கிருஷ்ணகிரி: கையில் இருக்கும் பணத்தை வங்கிக்கு எப்படிக் காட்டுவது?

மாரண்டஅள்ளிக்காரன் (தொடக்கப் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மனைவி, ஒரு பெண் குழந்தை. இத்தனை நாளும் வாடகை வீடுதான். இப்போது கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் ஒரு தனி வீடு எங்களுக்குப் பிடித்துப்போய், 38 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். 1 லட்சம் முன்பணம் செக்காகக் கொடுத்தாயிற்று. வங்கியில் 30 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். சம்பளம், சிபில் (கடன் வரலாற்று மதிப்பெண்) இரண்டிலும் குறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சிக்கல் நான் நினைக்காத இடத்தில் வந்தது. "மீதி 8 லட்சமும் பத்திரச் செலவும் உங்களிடம் இருக்கிறதா? எங்கிருந்து வந்தது? காட்டுங்கள்" என்கிறார் மேனேஜர். பணம் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. என் சம்பளக் கணக்கில் 3,40,000. அப்பாவிடம் 3 லட்சம், அது இரண்டு வருடத் தக்காளியும் மாங்காயும் விற்ற காசு, வீட்டு பீரோவில் ரொக்கமாக இருக்கிறது. தாய்மாமா 2 லட்சம் தருகிறேன் என்கிறார். ஊரில் ஓர் அக்கா நடத்தும் ஏலச் சீட்டை போன மாதம் எடுத்தேன், 2,50,000. அதுவும் ரொக்கம்தான்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "நான் வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசுடா, அதுக்கு எதுக்கு சாட்சி?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டை77

தம்பி, இதற்குப் போய்க் கவலைப்படாதீர்கள். சொந்தக்காரர் யாரிடமாவது ஒரு 5 லட்சத்தை ஒரு வாரத்துக்கு உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். பேலன்ஸ் காட்டும் ஸ்டேட்மென்டை எடுத்துக் கொடுங்கள். அப்புறம் திருப்பி அனுப்பிவிடுங்கள். பலபேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஊத்தங்கரை அக்கா

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2019இல் நாங்கள் அதைத்தான் செய்தோம். கொழுந்தனார் 4 லட்சம் போட்டார், ஸ்டேட்மென்ட் கொடுத்தோம், 9 நாளில் திருப்பி அனுப்பினோம். கடன் சாங்ஷன் ஆனது. எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் கடன் தொகையை விடுவிக்கும் முன்னால், "உங்கள் பங்கு முழுவதையும் விற்பவருக்கு முதலில் கொடுங்கள், அவர் கையெழுத்துப் போட்ட ரசீதையும், பணம் போன கணக்கின் என்ட்ரியையும் கொண்டு வாருங்கள்" என்றார்கள். எங்கே போவது? பணம்தான் திரும்பப் போய்விட்டதே.

கொழுந்தனார் அதற்குள் அந்தப் பணத்தை போர்வெல் போடச் செலவழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் காசு. ஒப்பந்தத்தின் கெடு தாண்டியது. கொடுத்த முன்பணம் 2 லட்சம் போயே போய்விட்டது. அந்த வீட்டு வழியாகப் பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

பேலன்ஸ் காட்டுவது ஒரு நாள் வேலை கிடையாது, தம்பி. அந்தப் பணம் பதிவு நாள் வரை உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

தேன்கனிக்கோட்டை77

அக்கா, இந்த ரசீது விஷயம் எனக்குத் தெரியாது. நான் கேள்விப்பட்டதை வைத்துச் சொன்னேன். அவர் அதைச் செய்ய வேண்டாம்.

அரூர் ஓய்வு வங்கியர்

31 வருடம் வங்கியில் இருந்தவன், அதில் பாதி கடன் பிரிவில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், வங்கி ஏன் கேட்கிறது? வீட்டு விலையில் இவ்வளவு பங்குக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உச்ச வரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையான கடனுக்கு 90 சதவீதம், 30க்கு மேல் 75 லட்சம் வரை 80, அதற்கும் மேலே போனால் 75. மீதியை வாங்குபவர் தன் கையிலிருந்து போட வேண்டும். இதைத்தான் மார்ஜின் என்கிறோம். அந்த மார்ஜினையே வேறு எங்காவது கடன் வாங்கிப் போட்டால், வரம்பு வைத்ததற்கு அர்த்தமே இல்லை. மாதத் தவணையும் இரண்டாகிவிடும். கள்ளப் பணம் வீடாக மாறாமல் பார்க்கும் பொறுப்பும் வங்கிக்கு உண்டு. ஆகவே, "எங்கிருந்து வந்தது" என்ற கேள்வியை உங்கள் அப்பா மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேனேஜர் அதை இன்னும் மரியாதையாகக் கேட்டிருக்கலாம், அது வேறு விஷயம்.

அடுத்து, உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். 8 லட்சத்தோடு முடிவதில்லை. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டையும் வீட்டு விலையில் சேர்த்துக் கடன் தர மாட்டார்கள். 10 லட்சத்துக்கு உட்பட்ட சின்ன வீடுகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆகப் பத்திரச் செலவு மொத்தமும் உங்கள் கைப்பணம். நான் பார்த்தவரையில் முதல் வீடு வாங்குபவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். விலையில் தன் பங்கை வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பார்கள், பத்திரச் செலவை யோசித்திருக்கவே மாட்டார்கள்.

இனி உங்கள் ஒவ்வொரு பணமாகப் பார்ப்போம்.

சம்பளக் கணக்கில் இருப்பதற்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆறு மாத ஸ்டேட்மென்டில் அது மெதுவாக ஏறி வந்தது தெரியும்.

அப்பாவின் 3 லட்சத்தை நீங்கள் உங்கள் கணக்கில் ரொக்கமாகப் போடக் கூடாது. அவர் பெயரில் உள்ள கணக்கில் அவரே போடட்டும், அங்கிருந்து உங்களுக்கு அனுப்பட்டும். ஒரே தடவையில் போடுங்கள். சின்னச் சின்னத் துண்டாகப் பத்து நாள் போட்டால்தான் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். கூடவே நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், மண்டியில் கொடுத்த சீட்டுகள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் எடுத்து வையுங்கள். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் நின்றது என்று அடங்கல் சொல்லும். ராயக்கோட்டை மண்டிக்கோ பாலக்கோடு மண்டிக்கோ தக்காளி போட்ட சீட்டு, மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் பெங்களூரா மாங்காய் அனுப்பிய எடைச் சீட்டு, எதுவானாலும் சரி. அந்தக் கட்டு ஒன்று இருந்தால் 3 லட்சத்துக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சீட்டுப் பணத்தைப் பற்றி எனக்கு நல்ல செய்தி இல்லை. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டாக இருந்தால் பாஸ்புக், ரசீது எல்லாம் இருக்கும், வங்கியும் ஏற்கும். ஊர்ச் சீட்டுக்கு ஒரு காகிதமும் கிடையாது. அதை மார்ஜின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாரண்டஅள்ளிக்காரன்

சார், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. மண்டிச் சீட்டுகளை அப்பா தூக்கிப் போட மாட்டார், காலண்டர் ஆணியில் குத்தி வைக்கும் பழக்கம் அவருக்கு. ஏலச் சீட்டுக்கு மாதாமாதம் ஜிபேயில்தான் பணம் கட்டினேன், 20 மாத ஹிஸ்டரி இருக்கிறது. அது உதவுமா?

அரூர் ஓய்வு வங்கியர்

உங்கள் சம்பளத்திலிருந்துதான் போனது என்று அது காட்டும். திரும்பி வந்தது ரொக்கமாக அல்லவா வந்திருக்கிறது, அங்கே சங்கிலி அறுந்துவிட்டது. மேனேஜர் ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம். அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். வங்கி கணக்குக் கேட்காத செலவுகள் நிறைய வரும், அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பர்கூர் கணக்கர்

வருமான வரி வேலை செய்பவன். அப்பா, தாய்மாமா பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உறவினர் அன்பளிப்பாகத் தரும் பணத்துக்கு, தொகை எவ்வளவு ஆனாலும், வாங்குபவருக்கு வரி இல்லை. ஆனால் "உறவினர்" யார் என்பதைச் சட்டம் தன் கணக்கில் வைத்திருக்கிறது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்கள், மனைவி, மனைவியின் உடன்பிறந்தவர்கள், மாமனார், மாமியார் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். அப்பா, அம்மாவின் உடன்பிறந்தவர்களும் வருகிறார்கள், ஆகவே தாய்மாமா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி கொடுப்பதில் பிரச்சினை இல்லை. பெரியப்பா மகன் வர மாட்டார். நாம் அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்திருப்போம், சட்டத்துக்கு அவர் வெளியாள். அவரும் நண்பர்களும் ஒரு வருடத்தில் தருவது மொத்தம் 50,000ஐத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகிவிடும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அப்பாவே ஆனாலும், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கையில் வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரும். சார் சொன்னபடி அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வருவதுதான் சரி. தாய்மாமாவும் அப்படியே.

இரண்டு பேரிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள். யார், யாருக்கு, என்ன உறவு, எவ்வளவு, எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து அனுப்பினார், இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை. அவ்வளவுதான். மாமா உண்மையில் கடனாகத்தான் தருகிறார் என்றால் அன்பளிப்பு என்று எழுதி வாங்காதீர்கள். அது பொய்க் கடிதம், பின்னால் இரண்டு குடும்பத்துக்கும் மனக்கசப்பு. கடன் என்றால் வங்கியிடம் கடன் என்றே சொல்லுங்கள்.

மாரண்டஅள்ளிக்காரன்

மாமாவிடம் கேட்டேன். "உன் அம்மாவுக்கு நான் செய்ய வேண்டிய சீர் இது, திருப்பிக் கேட்க மாட்டேன்" என்றார். அம்மா இப்போது இல்லை. அதற்கு மேல் நான் பேசவில்லை.

சூளகிரி மல்லி

பி.எஃப். இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையா? ஒன்பது வருடம் ஆகிவிட்டது. யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்) போர்ட்டலில் ஃபார்ம் 31 போட்டு, வீடு வாங்க என்று காரணம் காட்டி முன்பணம் எடுக்கலாம். நேராக வங்கிக் கணக்குக்கு வரும், அதற்கு மேல் சுத்தமான சாட்சி கிடையாது. ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் பெயரில் ஓர் இனிஷியல் மாறியிருந்தது, அதைத் திருத்தவே ஒன்றரை மாதம் ஓடியது.

பென்னாகரம் வாத்தியார்

நகையைப் பற்றி ஒரு சொல். அடகு வைத்து மார்ஜின் கட்டலாம் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். நகைக்கடனும் சிபிலில் ஏறும், தவணைக் கணக்கில் அதையும் கழிப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு வளையலைக் கடையில் பில் போட்டு விற்றோம், தொகை கணக்குக்கு வந்தது, பில்லைக் காட்டினோம், முடிந்தது. விற்பது வேதனைதான். முடிவை உங்கள் மனைவி எடுக்கட்டும்.

மாரண்டஅள்ளிக்காரன் (ஐந்து நாள் கழித்து)

புதிதாக ஒரு குழப்பம். பி.எஃப். போட்டுவிட்டேன், 2,10,000 வரும் என்று காட்டுகிறது. ஆனால் விற்பவர் நேற்று கூப்பிட்டு, "பத்திரத்தில் 32 லட்சம் போட்டுக்கொள்வோம், அதுதான் அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. 6 லட்சத்தைத் தனியாக ரொக்கமாகக் கொடுங்கள். உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்" என்கிறார். கேட்க நல்லதாகத் தெரிகிறது. சீட்டுப் பணமும் அப்பா பணமும் ரொக்கமாகத்தானே இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டால் வங்கிக்குக் காட்டும் வேலையே இல்லையே என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

காவேரிப்பட்டணம் பத்திரம்

பத்திரம் எழுதும் தொழில் செய்கிறேன். இந்தப் பேச்சை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். சட்டம் பிறகு வரட்டும், முதலில் பேனா எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

38 லட்சமென்று உண்மையாகப் போட்டால், முத்திரைத் தீர்வையும் அதன் மேல் வரியும் சேர்த்து 7 சதவீதம், 2,66,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 76,000. மொத்தம் 3,42,000. (ஊரில் சிலர் இன்னும் 11 சதவீதம் என்று பயமுறுத்துவார்கள். 2017இல் வழிகாட்டி மதிப்பைக் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 ஆக்கியிருந்தார்கள், அந்தக் காலத்துக் கணக்கு அது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கிவிட்டார்கள்.) உங்கள் பங்கு 8 லட்சம். ஆக, கையிலிருந்து போவது 11,42,000.

இப்போது அவர் சொல்லும் 32 லட்சம். பத்திரச் செலவு 2,88,000. மிச்சம் 54,000, உண்மைதான். ஆனால் வங்கி 38க்கு இனிக் கடன் தராது, 32க்குத்தான் தரும். உச்சபட்சமாக 90 சதவீதம் கொடுத்தாலும் 28,80,000. உங்கள் பங்கு 3,20,000, அதோடு ரொக்கம் 6 லட்சம், அதோடு பத்திரச் செலவு. கூட்டினால் 12,08,000. வங்கி 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் 15,28,000 ஆகிவிடும். 54,000 மிச்சம் பிடிக்கப் போய், கையிலிருந்து போடுவது 66,000 கூடுகிறது, இல்லாவிட்டால் கிட்டத்தட்ட 4 லட்சம் கூடுகிறது. மிச்சம் விற்பவருக்குத்தான்.

பர்கூர் கணக்கர்

பத்திரக்காரர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு, நிலம் விற்பதில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது, முன்பணமானாலும் சரி, மீதியானாலும் சரி. 2015 ஜூனிலிருந்து இந்த விதி இருக்கிறது. மீறினால் வாங்கிய அளவே அபராதம், அது விற்பவர் தலையில். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பலருக்கு இது தெரியவே தெரியாது. உங்களுக்கு வரும் நஷ்டம் வேறு. பத்து வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை 32 என்றுதான் கணக்கில் நிற்கும். அந்த 6 லட்சமும் லாபம் போலத் தெரிந்து அதற்கும் நீங்கள் வரி கட்டுவீர்கள்.

38 லட்சம் என்பதால் 1 சதவீத டி.டி.எஸ். (விற்பவருக்குத் தரும் தொகையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) உங்களுக்கு இல்லை, அது 50 லட்சத்திலிருந்துதான்.

ஊத்தங்கரை அக்கா

அந்த 6 லட்சத்தைக் கொடுத்த பிறகு அவர் மனம் மாறினால், எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பீர்கள்? இதை மட்டும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேளுங்கள்.

சூளகிரி மல்லி

மனைவி பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்கிறார்களே?

காவேரிப்பட்டணம் பத்திரம்

குறையும், ஆனால் 10 லட்சம் மதிப்பு வரை உள்ள சொத்துக்குத்தான். 2025 ஏப்ரல் 1இலிருந்து அப்படி. 38 லட்சத்துக்குப் பொருந்தாது. அதற்காக இல்லாவிட்டாலும் மனைவி பெயரையும் சேர்த்துப் போடுவது நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

மாரண்டஅள்ளிக்காரன் (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

விற்பவர் வீட்டுக்கு நானும் அப்பாவும் போனோம். பத்திரக்காரர் அண்ணன் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். 20,000 விதியைச் சொன்னதும் அவர் மகன் போனில் தேடிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து "38க்கே போட்டுக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பாவின் பணத்தைப் போட அவரோடு வங்கிக்குப் போனேன். ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, நூலால் கட்டி, தானே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மொத்தம் 61 சீட்டு. கடன் பிரிவு மேனேஜர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிலோ 4 ரூபாய்க்குத் தக்காளி போன ஒரு சீட்டை எடுத்து, "இந்த விலைக்குமா போட்டீங்க?" என்று கேட்டார். "பறிப்புக் கூலிக்குக்கூட ஆகலைங்க, ஆனா செடியிலேயே விட மனசு வரலை" என்றார் அப்பா. பத்து நிமிடம் இருவரும் தக்காளியைப் பற்றித்தான் பேசினார்கள். சிட்டா, அடங்கல் நகல்களை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். அன்பளிப்புக் கடிதத்தில் அப்பா தன் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கணக்கு இப்படி வந்தது. கொடுத்த முன்பணம் 1,00,000, என் சேமிப்பு 3,40,000, அப்பா 3,00,000, மாமா 2,00,000, பி.எஃப். 2,10,000. மொத்தம் 11,50,000. வேண்டியது 11,42,000. சீட்டுப் பணத்தைக் காட்டவில்லை. புரோக்கர், வக்கீல் பார்த்த லீகல், மதிப்பீட்டாளர், புரோசசிங் ஃபீஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, பதிவுக்குப் பிறகு அடமான ஆவணப் பதிவு, மின் இணைப்புப் பெயர் மாற்றம் வேறு இருக்கிறது, அதற்கெல்லாம் சீட்டுப் பணம்தான். இதையெல்லாம் நான் முதலில் எழுதிப் பார்க்கவே இல்லை.

நேற்று சாங்ஷன் லெட்டர் வந்தது. வரும் வியாழக்கிழமை பதிவு.

அரூர் ஓய்வு வங்கியர்

மிக்க மகிழ்ச்சி. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டையும் உங்கள் கணக்கிலிருந்தே ஆன்லைனில் கட்டுங்கள், வேறு யாருடைய கணக்கிலிருந்தும் வேண்டாம். விற்பவருக்கு மீதி 7 லட்சம் போன என்ட்ரியையும் அவர் ரசீதையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

ஊத்தங்கரை அக்கா

அப்பாவை வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி.

மாரண்டஅள்ளிக்காரன்

கூப்பிட்டேன் அக்கா. காலையில் மண்டிக்கு வண்டி அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு நேராகப் பத்திர ஆபீசுக்கு வந்துவிடுகிறேன் என்றார். அன்றைய சீட்டையும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.